ஊகித்து வாசிக்கும் பிள்ளையை எழுத்தைப் பார்த்து வாசிக்க வைப்பது எப்படி

தரம் 2, தரம் 3 படிக்கிற பிள்ளை பாடப்புத்தகத்தை மளமளவென்று வாசிக்குது, பத்திரிகைத் தலைப்பு ஒன்றை நீட்டினால் வாய் திறக்குதில்லை. இந்தக் கவலையோடு எங்கள் சனசமூக நிலையத்துக்கு வருகிற தாய்மார் கூடிக்கொண்டே போகிறார்கள். நான் யாழ்ப்பாணம் வடமராட்சியில் ஆரம்பப் பிரிவு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பின்னேரங்களில் அங்கே பிள்ளைகளை இருத்தி வாசிக்கப் பழக்குகிறேன். தாய்மாருக்குத் தனித்தனியே சொல்லி வருவதை ஒரே இடத்தில் எழுதி வைத்தால், புதிதாக ஆரம்பப் பிரிவுக்கு வந்த இளம் ரீச்சர்மாருக்கும் உதவும்.

அமெரிக்காவில் ஓஹாயோ மாநிலத்தில் இருக்கும் என் பெறாமகள் அண்மையில் கதைத்தபோது, தன் மகனின் பள்ளிக்கூடத்தில் வாசிப்புப் புத்தகங்களையே மாற்றிவிட்டார்கள், அதற்கென்று சட்டம் வந்துவிட்டது என்றாள். அந்த நாட்டில் கல்வி ஒவ்வொரு மாநிலத்தின் கையிலும் இருக்கிறது. அங்கே பல பள்ளிக்கூடங்களில் நெடுங்காலமாக ஒரு பழக்கம் இருந்து வந்தது. பிள்ளை ஒரு சொல்லில் தடக்குப்பட்டால் படத்தைப் பார், முதல் எழுத்தைப் பார், இந்த இடத்தில் எந்தச் சொல் வந்தால் பொருந்தும் என்று யோசித்துச் சொல் என்பார்களாம். அதாவது ஊகிக்கப் பழக்குவது. 2000ஆம் ஆண்டிலேயே அங்கத்தைய தேசிய வாசிப்புக் குழு, ஒலிகளைப் பிரித்துக் கேட்பது, எழுத்தை ஒலியோடு இணைப்பது, சரளமாக வாசிப்பது, சொல்வளம், விளங்கிக்கொள்வது என்ற ஐந்தையும் முறையாகக் கற்பிக்க வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. அறிக்கை வந்தும் பல வகுப்பறைகள் பழையபடியே இருந்தன. பிறகுதான் மாநிலங்கள் சட்டத்தைக் கையில் எடுத்தன. ஆர்கன்சா 2021இலும், லூசியானா 2022இலும், இந்தியானாவும் ஓஹாயோவும் 2023இலும் இந்த ஊகிப்பு முறைக்குத் தடை போட்டன.

இவற்றில் அதிகம் பேசப்படுவது மிசிசிப்பி. ஏழை மாநிலம். 2013இல் வாசிப்புச் சட்டம் கொண்டுவந்தபோது நாலாம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பில் நாட்டிலேயே 49ஆம் இடத்தில் இருந்தது. 2024 தேசிய மதிப்பீட்டில் 9ஆம் இடத்துக்கு வந்தது. பணக்கார மாநிலங்கள் பலவற்றைத் தாண்டி வந்திருக்கிறது. அதை வாசித்த பிறகு எங்கள் வகுப்பறைகளை அந்தக் கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன்.

எங்களிடமும் ஊகிப்பு இருக்கிறது. பஸ் தரிப்பிடத்தில் நின்று பெயர்ப் பலகையை வாசிக்கச் சொல்லிப் பாருங்கோ. ‘ப’ என்று தொடங்கினால் சில பிள்ளைகள் பலாலி என்பார்கள், சிலர் பளை என்பார்கள், பண்டத்தரிப்பு என்பவர்களும் உண்டு. பலகையில் இருப்பது பருத்தித்துறை. முதல் எழுத்தைக் கண்டவுடன் தனக்குத் தெரிந்த ஊரைச் சொல்லிவிட்டுப் பிள்ளை எங்கள் முகத்தைப் பார்க்கும். நாங்கள் தலையாட்டினால் சரி, இல்லாவிட்டால் அடுத்த ஊர். எங்கள் பிள்ளைகளிடம் இதைவிடப் பெரிய பழக்கம் மனப்பாடம். ரீச்சர் சொல்ல வகுப்பே சேர்ந்து சொல்லும். நாலு நாளில் பாடம் முழுவதும் காதில் ஏறிவிடும். பிறகு புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் பிழையில்லாமல் சொல்லிவிடும். கெட்டிக்காரப் பிள்ளைகள் இப்படியே தரம் 3 வரை வந்துவிடுகிறார்கள். ஞாபக சக்தி கூடிய பிள்ளையின் குறைதான் கடைசியில் தெரியவரும், அதனால்தான் அந்தப் பிள்ளைகளை நினைத்து எனக்குக் கவலை அதிகம்.

முதலில் உண்மை நிலையைப் பாருங்கோ

பிள்ளை ஏற்கெனவே படித்த பாடம் ஒன்றை எடுங்கோ. படத்தை உள்ளங்கையால் மூடிவிட்டு வாசிக்கச் சொல்லுங்கோ. பிறகு கடைசி வசனத்தில் தொடங்கி, சொல் சொல்லாகப் பின்னிருந்து முன்னுக்கு வாசிக்கச் சொல்லுங்கோ. மனப்பாடம் இந்த இடத்தில் நின்றுவிடும். அடுத்து, ஒரு துண்டில் அர்த்தமே இல்லாத சொற்கள் சிலவற்றை எழுதிக் கொடுங்கோ. ‘டமிபு’, ‘கோரடை’, ‘மெவாகு’. இவற்றை ஊகிக்க வழியில்லை. எழுத்தைப் பார்த்து ஒலியைச் சேர்க்கத் தெரிந்த பிள்ளை சிரித்துக்கொண்டு வாசிக்கும். தெரியாத பிள்ளை ‘இப்படி ஒரு சொல் இல்லை’ என்று தப்பப் பார்க்கும், அல்லது டமிபுவைத் ‘தம்பி’ ஆக்கிவிடும்.

பிழை எந்த வகை என்பதைக் கொப்பியில் குறித்து வையுங்கோ. ‘பழம்’ என்ற இடத்தில் ‘மாம்பழம்’ என்றால் கண் படத்துக்குப் போயிருக்கிறது. ‘கப்பல்’ என்ற இடத்தில் ‘கடல்’ என்றால் முதல் எழுத்தோடு நின்றுவிட்டது. ‘கா’வைக் ‘கர’ என்றால் அரவுக்கும் (துணைக்கால்) ரகரத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எழுத்தைத் தனித்தனியாகச் சரியாகச் சொல்லி, சேர்க்கும்போது விழுந்தால் அது இன்னொரு குறை. நாலுக்கும் ஒரே மருந்து இல்லை. எல்லாப் பிள்ளையையும் ‘அ’னாவிலிருந்து மறுபடி தொடங்க வைப்பது நேரத்தையும் தின்னும், பிள்ளையின் மனதையும் நோகப்பண்ணும்.

இதற்கெல்லாம் முன்னால் கண்ணையும் காதையும் ஒருமுறை பரிசோதித்து விடுங்கோ. கரும்பலகை தெரியாத பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் வாயைப் பார்த்துச் சொல்லப் பழகிவிடும்.

எழுத்துகளை எந்த வரிசையில் எடுப்பது

சுவரில் 247 எழுத்து அட்டவணையை ஒட்டி, கம்பால் தட்டித் தட்டி ‘க கா கி கீ’ பாடவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பிள்ளை ராகத்தைத்தான் படிக்கிறது. நடுவில் ‘கே’யைத் தொட்டுக் கேட்டால் ‘க’விலிருந்து மனதுக்குள் பாடி வந்தல்லோ கண்டுபிடிக்குது. அட்டவணை இருக்கட்டும். வாசிப்புக்கு நாங்கள் வேறு வழியால் போவோம்.

ப, ட, ம, ர, க, வ. இந்த ஆறும், புள்ளி வைத்த ட், ம் இரண்டும் போதும். படம், மரம், கரகம், கடகம், வட்டம், பட்டம் எல்லாம் வந்துவிடும். தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டத் திருவிழா பார்த்த பிள்ளைக்கு, தான் முதன்முதல் சொந்தமாகச் சேர்த்து வாசித்த சொல் ‘பட்டம்’ என்றால் எவ்வளவு சந்தோசம். பிறகு அரவை மட்டும் சேர்க்கலாம்: பாடம், காகம், வாரம், மாமரம். அது உறுதியானதும் இகரம்: படி, மாடி, வாடி. மீனவர் கடற்கரையில் போடுகிற கொட்டில்தான் வாடி, கரையோரப் பிள்ளைக்கு அது என்னவென்று நீங்கள் விளக்கத் தேவையில்லை. ஒரு நேரத்தில் ஒரு குறி. அது பழகிய பிறகே அடுத்தது.

அட்டைகளைச் சவர்க்காரப் பெட்டியில் வெட்டுங்கோ. எழுத்துகள் ஒரு அளவிலும், அரவு, கொம்பு போன்ற குறிகள் தனி அட்டைகளாகவும் இருக்கட்டும். ‘க’ அட்டைக்கு வலப்பக்கம் அரவை வைத்துப் பிள்ளையே ‘கா’ ஆக்க வேண்டும், எடுத்துவிட்டுக் ‘க’ ஆக்க வேண்டும். அதே அரவை ‘ம’வுக்கு மாற்றினால் ‘மா’. இதை ஒரு பிள்ளை கையால் செய்து பார்த்துவிட்டால் மற்ற எழுத்துகளுக்குத் தானே கொண்டுபோகும்.

கொம்புதான் பெரிய தடை. கண் இடமிருந்து வலமாகப் போகிறது, ஆனால் ‘கெ’யில் முதலில் கண்ணில் படுவது கொம்பு, முதலில் வாயில் வரவேண்டியது ககரம். ‘கொ’வில் இன்னும் சிக்கல்: முன்னுக்குக் கொம்பு, பின்னுக்கு அரவு, நடுவில் எழுத்து. ‘கொடி’ என்பதைக் ‘கெரடி’ என்று வாசிக்கிற பிள்ளை கவனமில்லாத பிள்ளை அல்ல, ஒவ்வொன்றாக ஒழுங்காகப் பார்க்கிற பிள்ளை. அந்தப் பிள்ளையை ஏசாதீர்கள். பென்சிலால் கொம்பு, எழுத்து, அரவு மூன்றையும் சேர்த்து ஒரே வட்டத்துக்குள் அடைத்துக் காட்டுங்கோ. ‘வட்டத்துக்குள்ள இருக்கிறது எல்லாம் ஒரு சத்தம்’ என்று சொல்லுங்கோ. கொடி, தொடை, மொட்டு, பொட்டு, கோடு, தோடு என்று ஒரு பக்கம் எழுதி, பிள்ளையே எல்லாவற்றுக்கும் வட்டம் போட்ட பிறகு வாசிக்கட்டும். கொஞ்ச நாளில் வட்டம் இல்லாமலே கண் சேர்த்துப் பார்க்கப் பழகிவிடும்.

உகரத்துக்குத் தனி அட்டை வெட்ட முடியாது, அது ஒவ்வொரு எழுத்திலும் ஒவ்வொரு மாதிரி ஒட்டிக்கொள்கிறது. அதனால் கூட்டம் கூட்டமாகக் கொடுங்கோ. சு, பு, யு, வு ஒரு மாதிரி. து, நு, லு, று, னு, ணு இன்னொரு மாதிரி. கு, டு, மு, ரு, ழு, ளு வேறு. ஒரு கூட்டத்தை ஒரு கிழமை வைத்திருந்தால் நல்லது. ‘கூ’ எந்தக் கூட்டத்திலும் சேராது, அதைத் தனியே பழக்க வேண்டும். தரம் 2 முடிவிலும் பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த ஊகார வரிசையில்தான். இதற்கு மட்டும் கூடுதல் நாட்கள் ஒதுக்குங்கோ. ஔகாரத்துக்கு அவசரமில்லை.

கல், நகம், சங்கு மூன்றிலும் ககரம் ஒரே மாதிரி ஒலிக்காது. பல், கம்பு என்பதில் பகரமும் அப்படியே. சட்டை, பச்சை, மஞ்சள் என்பதில் சகரத்தைக் கவனியுங்கோ. இதற்கு இலக்கண விதி சொல்லிக் குழப்பாதீர்கள். சங்கு, பங்கு, தங்கம், மாங்காய் என்று ஒரே குடும்பச் சொற்களைச் சேர்த்து வாசித்தால் காது தானே பிடித்துக்கொள்ளும். வெற்றி, நெற்றி, பாட்டு, ஓட்டு ஆகியவற்றின் வித்தியாசம் எங்கள் வாய்ப்பேச்சிலேயே நன்றாகக் கேட்கும், அது யாழ்ப்பாணப் பிள்ளைக்கு வாய்த்த வசதி. ழகரத்தையும் ளகரத்தையும் நாங்கள் பேச்சில் அவ்வளவு பிரிப்பதில்லை, ஆகவே பழம், மழை, குளம், முள் என்று கண்ணாலும் கையாலும் பழக்க வேண்டும். எழுதுவது இங்கே மிகவும் உதவும். முற்றத்து மணலில் விரலால் எழுதட்டும். 1995 போர் இடப்பெயர்வின்போது தென்மராட்சியில் மரங்களுக்குக் கீழே வகுப்பு நடத்தியவர்களில் நானும் ஒருத்தி. படப்புத்தகம் ஒன்றும் இல்லை. மணலும் ஒரு பலகையும்தான் இருந்தன. அந்தப் பிள்ளைகள் வாசிக்கப் பழகினார்கள்.

ஒரு நாளைக்கு 15 நிமிடம்

பின்னேரத் தேத்தண்ணி குடித்த பிறகு பிள்ளை களைப்பில்லாமல் இருக்கும். அந்த 15 நிமிடத்தில் தொலைக்காட்சியும் போனும் வேண்டாம். முதலில் நேற்றுப் பழகிய எழுத்துகளை அட்டையில் கலைத்துக் காட்டுங்கோ, வரிசையாகக் காட்டாதீர்கள். பிறகு சொற்கள், பிறகு இரண்டு மூன்று வசனம். கடைசி ஐந்து நிமிடம் நீங்கள் ஒரு கதையை வாசிக்க, பிள்ளை பக்கத்தில் இருந்து புத்தகத்தைப் பார்த்துக் கேட்கட்டும். இந்த ஐந்து நிமிடத்தை ஒருபோதும் வெட்டாதீர்கள், காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

வாசிக்கும்போது தென்னோலை ஈர்க்கு ஒன்றால் எழுத்தின் கீழே தொட்டுக்கொண்டு போக வேண்டும். ஈர்க்கைப் பிள்ளையே பிடிக்கட்டும். தடக்குப்பட்டால் நாங்கள் வழமையாகச் சொல்வது ‘படத்தைப் பார், என்ன அது?’ அதைச் சொல்லாதீர்கள். ‘யோசிச்சுச் சொல்லு’ என்பதும் வேண்டாம், யோசித்தால் ஊகம்தான் வரும். ‘ஈர்க்கை முதலெழுத்தில வை. இது என்ன சத்தம்? அடுத்தது? இப்ப இரண்டையும் சேர்த்துச் சொல்லு’ என்றே சொல்லுங்கோ. பத்து எண்ணும் வரை பொறுங்கோ. அதற்குப் பிறகும் வராவிட்டால் நீங்களே ஒலியைச் சேர்த்துக் காட்டி, பிள்ளையை அதே சொல்லை மறுபடி சேர்க்க வையுங்கோ. வசனம் முடிந்ததும் படத்தைத் திறந்து ‘வாசிச்சது இதில எங்க இருக்கு?’ என்று கேட்கலாம். படம் வாசித்த பிறகு பார்ப்பதற்கு.

நீண்ட சொற்களுக்குப் பயப்படுகிற பிள்ளைகள் உண்டு. ‘விளையாடிக்கொண்டிருந்தார்கள்’ என்ற சொல்லைக் கண்டவுடன் ‘விளையாடினார்கள்’ என்று சொல்லித் தாண்டிவிடும். ஒரு வெள்ளைத் தாளால் சொல்லை மூடி, விளை, யாடிக், கொண், டிருந், தார்கள் என்று கொஞ்சம் கொஞ்சமாகத் திறவுங்கோ. பருத்தித்துறைப் பெயர்ப் பலகையையும் இப்படித்தான் கொப்பியில் எழுதிப் பழக்கினேன். சொல்லின் வாலில்தான் தமிழில் பாதி விசயம் இருக்கிறது: செய்தது ஒருவரா பலரா, நேற்றா நாளையா, வீட்டுக்கா வீட்டிலிருந்தா எல்லாம் அங்கேதான். முதல் எழுத்தைப் பார்த்து ஊகிக்கிற பிள்ளை அந்த வாலை முழுவதும் விட்டுவிடுகிறது. அதனால்தான் கணக்குப் பாடத்திலும் வினா விளங்காமல் விழுகிறது.

இனி அந்த ஐந்து நிமிடத்துக்கு வருகிறேன். வீட்டில் பிள்ளை ‘நான் போறன்’ என்று சொல்லும். புத்தகத்தில் ‘நான் போகிறேன்’ என்று இருக்கும். ‘எங்கட’ என்பது ‘எங்களுடைய’ ஆகிவிடும், ‘நிக்கிறார்’ என்பது ‘நிற்கிறார்’ ஆகிவிடும். காதால் ஒருபோதும் கேட்டிராத சொல்லை எழுத்துக் கூட்டிச் சொன்னாலும் பிள்ளைக்கு அது தன் சொல்லாகத் தெரியாது. பள்ளிக்கூடம் போகுமுன்பே, 3 வயதிலிருந்தே, தாயோ தகப்பனோ அம்மம்மாவோ புத்தகம் வாசித்துக் காட்டிய பிள்ளைக்கு இந்த எழுத்து மொழி காதில் இருக்கிறது. வீட்டில் புத்தகம் இல்லையென்றால் பிரதேச சபை நூலகங்கள் இருக்கின்றன, யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் சிறுவர் பகுதி இருக்கிறது. பிள்ளை ‘போகிறேன்’ என்பதைப் ‘போறன்’ என்று வாசித்தால் ஏசாதீர்கள். ‘ஓம், நாங்கள் அப்பிடித்தான் கதைக்கிறம். இதில என்ன எழுதியிருக்கு, ஈர்க்கை வைச்சுப் பார்’ என்று சொல்லுங்கோ.

பத்திரிகைத் தலைப்பு நல்ல பயிற்சி. சனசமூக நிலையத்தில் உதயன், வலம்புரி கிடக்கும். படம் இல்லாத சின்னச் செய்தி ஒன்றின் தலைப்பைத் தேர்ந்தெடுங்கோ. பிள்ளைக்கு அது முன்பின் தெரியாத வசனம். அதை வாசித்துவிட்டால் உண்மையாகவே வாசிக்கிறது என்று நம்பலாம்.

பள்ளிக்கூடத்திடம் கேட்க வேண்டியது

தரம் 3 தொடங்கியவுடனே பிள்ளையைத் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கான ரியூசனுக்கு அனுப்புகிறார்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளையைக் கடந்தகால வினாத்தாள் முன்னால் இருத்தி என்ன பயன்? விடைக்குக் கீழே கோடிடப் பழகும், அவ்வளவுதான். வாசிப்புத் திருந்தும் வரை ரியூசனை நிறுத்துங்கோ. இதை நான் எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்கிறேன்.

மிசிசிப்பிச் சட்டத்தில் ஒரு பகுதி எனக்குப் பிடிக்கவில்லை. மூன்றாம் வகுப்பு முடிவில் வாசிப்புச் சோதனையில் தேறாத பிள்ளையை, சில விதிவிலக்குகள் தவிர, அதே வகுப்பில் மறித்துவிடுகிறார்கள். மிச்சிகன் மாநிலமும் 2016இல் அப்படி ஒரு சட்டம் கொண்டுவந்து, மறிக்கும் விதியை 2023இல் நீக்கிவிட்டது. எங்கள் ஊரில் கூடப் படித்தவர்கள் மேலே போக, தம்பியோடு ஒரே வகுப்பில் இருக்க வேண்டி வந்தால் பிள்ளை பள்ளிக்கூடத்தையே வெறுத்துவிடும். ஆனால் அதே சட்டத்தில் இருக்கிற மற்றவை எங்களுக்கும் வேண்டும். சிறிய வகுப்புகளில் வருடத்துக்கு மூன்று முறை வாசிப்பைச் சோதிக்கிறார்கள். எங்களுக்கும் மூன்று தவணை இருக்கிறது. பின்தங்கிய பிள்ளையின் பெற்றோருக்கு எழுத்தில் அறிவிக்கிறார்கள். வகுப்புக்குள் வந்து ஆசிரியருக்குப் பக்கத்தில் நின்று வழிகாட்டப் பயிற்றுநர்களை அனுப்புகிறார்கள். எங்கள் வலயக் கல்வி அலுவலகங்களிலும் ஆசிரிய ஆலோசகர்கள் இருக்கிறார்கள். தரம் 5 பெறுபேற்றுக்குக் கொடுக்கிற கவனத்தில் பாதியைத் தரம் 1, தரம் 2 வகுப்புகளுக்குக் கொடுக்கும்படி அவர்களிடம் பெற்றோர் கேட்க வேண்டும். பாடத்திட்டம் மகரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகத்தில் தயாராகிறது. அது மாறும் வரை காத்திருக்கத் தேவையில்லை, இதற்கெல்லாம் மாகாணத்துக்குள்ளேயே இடம் இருக்கிறது.

தாய்மார் செய்யக்கூடியது இது. தரம் 2 இரண்டாம் தவணைப் பெற்றோர் கூட்டத்தில் புள்ளியை மட்டும் கேட்காதீர்கள். ‘என்ர பிள்ளை முன்னம் காணாத ஒரு பக்கத்தை உங்களுக்கு வாசிச்சுக் காட்டினதா ரீச்சர்?’ என்று கேளுங்கோ. ஒழுங்காகப் பழக்கியும் மாதக்கணக்கில் எழுத்து நிலைக்காவிட்டால், விசேட கல்விக்குப் பொறுப்பானவரிடம் காட்டும்படி வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கோ. அது பிள்ளையின் சோம்பலும் அல்ல, உங்கள் வளர்ப்பின் பிழையும் அல்ல.

ஆங்கிலத்துக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்கச் சட்டங்கள் பேசுவது ஆங்கில வாசிப்பைத்தான், அதனால் அவற்றை நேரடியாக எடுத்துக்கொள்ளக்கூடிய இடமும் அதுவே. எங்கள் பிள்ளைகள் ‘சி, ஏ, ரி, கற்’ (cat) என்று எழுத்தின் பெயரைப் பாடிப் பூனையின் படத்தைப் பார்த்துச் சொல்லிவிடுகிறார்கள். படத்தை மூடுங்கோ. பெயரை விட்டுச் சத்தத்தைக் கேளுங்கோ: க், அ, ற். புள்ளி வைத்த எழுத்தைத் தமிழில் படித்த பிள்ளைக்கு இது புதிதல்ல. பிறகு முதல் எழுத்தை மட்டும் மாற்றி பற் (bat), மற் (mat), றற் (rat) என்று சேர்க்க வையுங்கோ. ஒலிப்படி எழுதாத சொற்கள் ஆங்கிலத்தில் நிறைய உண்டு, அவற்றை இந்தச் சின்னச் சொற்கள் கைவந்த பிறகு ஒவ்வொன்றாகக் கொடுக்கலாம்.